செய்யுள் பிள்ளைகளுக்கு ஏன் கசக்கிறது? ஓசூர் பஸ்ஸிலும் ஊர் நடுகல்லிலும் இருக்கும் பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் தமிழ்ப் பாடத்தில் எது கஷ்டம் என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் "செய்யுள்" என்பதுதான். உரைநடையைப் படித்துவிடுகிறார்கள். துணைப்பாடக் கதையைப் பாடம் நடத்தும் முன்பே முடித்துவிடுகிறார்கள். செய்யுள் பக்கம் வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது.

இதை மாற்ற நாடகம், பாட்டு, வெளியே கூட்டிப்போவது என்று சில ஆசிரியர்கள் முயல்கிறார்கள். உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன. "விளையாட்டு காட்டினால் பாடம் முடியுமா?" என்று பள்ளிக்குள்ளே கேட்கிறார்கள். "மார்க் குறையாதா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். பதில் சொல்ல, செய்யுள் என்பது என்ன, அது எந்த வழியாக மனதுக்குள் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

செய்யுள் என்றால் செய்யப்பட்டது. ஓசை அளவு பார்த்துக் கட்டியது என்று பொருள் கொள்ளலாம். பாட்டு என்பது அதையே வாயால் சொல்லி, காதால் கேட்கும்போது நாம் தரும் பெயர். கவிதை என்ற சொல்லை இன்று யாப்பு, அதாவது அந்த ஓசைக் கட்டு, உள்ளதற்கும் இல்லாததற்கும் பொதுவாகச் சொல்கிறோம். பாடநூல் இந்தப் பகுதிக்குக் கவிதைப்பேழை என்று பெயர் வைத்திருக்கிறது. வகுப்பறையில் அது செய்யுள்தான்.

மனப்பாடப் பகுதி என்பது தேர்வில் அடி பிறழாமல் எழுத வேண்டிய வரிகள். பிள்ளைகளுக்கு ஒரு பாடலோடு ஏற்படும் முதல் அறிமுகமே பல நேரம் இந்த வரிகளில்தான். "இது மனப்பாடமா மிஸ்?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றால் பயம், இல்லை என்றால் அலட்சியம்.

சிக்கல் வரிசையில் இருக்கிறது

பாடநூலில் பாடலுக்குக் கீழே சொல்லும் பொருளும், இலக்கணக்குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், நூல்வெளி எல்லாம் இருக்கின்றன. எல்லாமே தேவையானவைதான். ஆனால் அவற்றை எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதில் வகுப்பு தடம் மாறிவிடுகிறது. பாடலை ஒருமுறை வேகமாக வாசிப்பது, அருஞ்சொற்பொருள் எழுதுவது, உரையை எழுதுவது, இலக்கணக்குறிப்புக்குப் போவது. அரை மணி நேரத்தில் பாடல் உரைநடையாக மாறிவிடுகிறது. உரைநடையாக மாறியதைப் படித்துவிட்டு, "இதை நேராகவே சொல்லியிருக்கலாமே" என்று பிள்ளை நினைப்பதில் தப்பே இல்லை.

நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் தெருக்கூத்து நடக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கூத்துக்காரர் முதலில் பாட்டைப் பாடுவார். பின்பாட்டு அதைத் திருப்பிப் பாடும். அப்புறம்தான் வசனம். பாட்டில் இருக்கிற பழஞ்சொல் புரியாத பாட்டிகூட எழுந்து போவதில்லை. ஓசை பிடித்து வைத்திருக்கிறது, பொருள் பின்னால் வந்து சேர்கிறது.

அந்த வரிசையை வகுப்புக்குக் கொண்டுவரலாம்:

1. காதுக்கு: பாடலின் தாளம்.
2. கண்ணுக்கும் கைக்கும்: பாடலில் இருக்கிற பொருள், இடம், ஆள்.
3. பொருளுக்கு: சொற்களும் உரையும்.
4. இலக்கணத்துக்கு: குறிப்புகள், அலகிடுதல் (சீர்களை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வது), அணி.

வழக்கமாகச் செய்வதில் எதையும் விடவில்லை. காதும் கண்ணும் கையும் முன்னால் வருகின்றன, அவ்வளவே.

பஸ் போர்டில் யாப்பு

பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது யாப்பிலக்கணத்துக்கு. அதைக் கரும்பலகையில் தொடங்காமல் பேருந்து நிலையத்தில் தொடங்கலாம்.

தமிழ்ப் பாட்டின் அடிப்படை அலகு அசை. அசை இரண்டு வகை. ஒரு குறிலோ நெடிலோ, தனியாகவோ ஒற்றோடு சேர்ந்தோ வந்தால் நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, ஒரு குறிலும் அடுத்து ஒரு நெடிலும் சேர்ந்தோ வந்தால் நிரை. அதற்குப் பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். வாயால் சொல்லிக்காட்ட, நேருக்குத் "தா", நிரைக்குத் "தக" என்று வைத்துக்கொள்ளலாம். மேஜையில் நேருக்கு ஒரு தட்டு, நிரைக்கு இரண்டு விரைவுத் தட்டு.

அசைகள் சேர்ந்தால் சீர். நேர் நேர் வந்தால் தேமா. நிரை நேர் வந்தால் புளிமா. நிரை நிரை வந்தால் கருவிளம். நேர் நிரை வந்தால் கூவிளம். மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. தேமா தித்திக்கும் மா, புளிமா புளிக்கும் மா. மாந்தோப்புகளுக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் இந்த வாய்பாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்க வேறு உதாரணம் தேடத் தேவையில்லை.

இப்போது பஸ் போர்டுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஓசூர்: தா தா. தேமா.
மொரப்பூர்: தக தா. புளிமா.
பாகலூர்: தா தக. கூவிளம்.
சூளகிரி: தா தக தா. கூவிளங்காய்.
ஒகேனக்கல்: தக தா தா. புளிமாங்காய்.
பென்னாகரம்: தா தா தக. தேமாங்கனி. ஊத்தங்கரையும் அதேதான்.

கருவிளத்துக்கு ஊர் தேட வேண்டாம், ஆளே இருக்கிறார்: அதியமான், தக தக. அவருடைய தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) புளிமா.

தருமபுரியைத் தட்டினால் தக தக தா, கருவிளங்காய். கிருஷ்ணகிரியும் கருவிளங்காய்தான், இரண்டு மாவட்டத் தலைநகரும் ஒரே தாளம். இங்கே ஒரு பிள்ளையாவது எழுந்து, "எங்க ஊர் போர்டுல தர்மபுரின்னு போட்டிருக்கே" என்று சொல்லும். சொல்லட்டும். தர்மபுரி என்று எழுதினால் தா தக தா, கூவிளங்காயாக மாறிவிடும். ஓர் எழுத்து மாறினால் தாளம் மாறும் என்பதைத் தன் ஊர்ப் பெயரிலேயே கண்டுபிடித்த பிள்ளைக்கு அலகிடுதல் அதற்குப் பிறகு கணக்குப் புதிர் மாதிரி ஆகிவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான படி. ஊர்ப் பெயரிலிருந்து பாட்டுக்குத் தாவ வேண்டும். ஔவையார் பாடிய புறநானூறு 187-ஆம் பாட்டு நாலே அடி:

நாடா கொன்றோ காடா கொன்றோ
அவலா கொன்றோ மிசையா கொன்றோ
எவ்வழி நல்லவர் ஆடவர்
அவ்வழி நல்லை வாழிய நிலனே

பொருள் சொல்லாமல் தாளத்தை மட்டும் தட்டச் சொல்லுங்கள். முதல் அடி நாலு சீரும் தேமா. அதாவது, பஸ் புறப்படும்போது கண்டக்டர் "ஓசூர் ஓசூர் ஓசூர் ஓசூர்" என்று கூப்பிடுகிறாரே, அதே நடை. இரண்டாம் அடி "மொரப்பூர் ஓசூர் மொரப்பூர் ஓசூர்". மூன்றாம் அடி "பாகலூர் பாகலூர் பாகலூர்", மூன்றோடு நின்றுவிடுகிறது. கடைசி அடி மறுபடி நாலு சீர்: "பாகலூர் ஓசூர் பாகலூர் மொரப்பூர்".

வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் ஊர்ப் பெயரையும் மறுபக்கம் பாட்டையும் ஒரே நேரத்தில் சொல்ல வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடும். மூன்றாம் அடியில் ஒரு சீர் குறைவதைக் காதே சொல்லிவிடும். "ஏன் அங்க மட்டும் மூணு?" என்ற கேள்வி வந்த பிறகு, ஈற்றயலடி முச்சீர் பெறுவது நேரிசை ஆசிரியப்பா என்று எழுதிப்போட்டால் அது பதிலாகப் போய்ச் சேரும். கேள்வி வருவதற்கு முன்னால் எழுதினால் வெறும் விதி.

இத்தனையும் ஒரு பாடவேளைக்குள் அடங்கும். அதற்குள் பாட்டை எட்டுப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். மனப்பாடம் செய் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் பொருளுக்கு வரலாம். "நிலமே, நீ நாடாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன? பள்ளமாக இருந்தால் என்ன, மேடாக இருந்தால் என்ன? எங்கே ஆடவர் நல்லவரோ, அங்கே நீயும் நல்லாய், வாழி" என்கிறார் ஔவையார். அவல் என்றால் பள்ளம், மிசை என்றால் மேடு. காடு என்றதும் நம் பிள்ளைகள் மானாவாரி நிலத்தை நினைப்பார்கள். "காட்டுக்குப் போறேன்" என்று அப்பா சொன்னால் கொள்ளும் சாமையும் விதைத்த மேட்டுக்காடுதான் அது. பாட்டில் வருவது வனம் என்று சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் அந்த நினைப்பைத் தப்பு என்று அடிக்க வேண்டாம். மேடும் பள்ளமும் வறண்ட பூமியும் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாட்டு ஏற்கெனவே பாதி புரிந்துவிட்டது. "ஆடவர்னு மட்டும் ஏன் சொல்றாங்க, பொம்பளைங்க இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டால், அந்த வேளையின் மீதி நேரத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம். பாடியவர் ஒரு பெண் என்பதால் அது இன்னும் நல்ல கேள்வி.

ஒரு நெல்லிக்கொத்து

தருமபுரிப் பிள்ளைகளுக்கு அதியமான் கதை சின்ன வயதிலேயே தெரியும். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஆனால் கதை தெரிந்ததாலேயே பாட்டு தெரியாமல் போகிறது. புறநானூறு 91-இல் அந்தக் கனியைப் பற்றி இருப்பது இரண்டே அடி:

பெருமலை விடரகத்து அருமிசைக் கொண்ட
சிறியிலை நெல்லித் தீங்கனி

வகுப்புக்கு ஒரு நெல்லிக்கொத்து கொண்டுவாருங்கள். இலையோடு. முதலில் இலையைக் காட்டுங்கள். புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக இருக்கும். "சிறியிலை" என்ற சொல்லுக்கு உரை எழுத வேண்டிய வேலை அங்கேயே முடிந்துவிடும். இந்தப் பாட்டைச் சொன்னவர் மரத்தைப் பார்த்திருக்கிறார் என்பதையும் பிள்ளைகள் தாங்களாகவே சொல்வார்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு காய். கடித்ததும் முகம் சுளிப்பார்கள். துவர்ப்பு, புளிப்பு. இப்போது கேட்கலாம்: "ஔவையார் ஏன் தீங்கனி என்கிறார்? தீம் என்றால் இனிமை. இது இனிக்கிறதா?" தண்ணீர் குடித்த பிள்ளை, "இப்ப இனிக்குது" என்று சொல்லும். சாகாமை தரும் கனி என்பதால் இனியது என்று ஒருத்தர் சொல்வார். கொடுத்தவர் கை அப்படி என்று இன்னொருத்தர் சொல்வார். மூன்று பதிலும் பாட்டுக்குள் நிற்கக்கூடியவை. எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது. ஒரு சொல்லுக்குள் இத்தனை இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதுதான் கவிதை வாசிப்பின் தொடக்கம்.

பாட்டு "சாதல் நீங்க எமக்கீந் தனையே" என்று முடிகிறது. ஈந்தனை, அதாவது கொடுத்தாய். இங்கே ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. முனிவர்கள் தங்கும் இடத்தை அதியன் நெடுமான் அஞ்சி, அதாவது இதே அதியமான், கொடுத்ததாக அது சொல்கிறது. "ஈத்த" என்பதுதான் அதில் உள்ள சொல். பாட்டில் "ஈந்தனை", பாறையில் "ஈத்த". கதைப் புத்தகத்து ராஜா என்று நினைத்திருந்த ஆள் பாறையில் இருக்கிறார் என்று தெரியும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்னொன்றையும் அப்போதே தெளிவாக்கிவிடலாம். அஞ்சியைப் பாடிய சங்க கால ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் வேறு வேறு ஆட்கள். காலத்தால் பல நூற்றாண்டு தள்ளி வாழ்ந்தவர்கள்.

வாயிற்படியில் ஒரு சண்டை

எல்லாப் பாட்டையும் நடிக்க முடியாது. ஆனால் புறப்பாடல்களில் பலவற்றில் ஒருவர் இன்னொருவரிடம் நேராகப் பேசுகிறார். அவை நடிப்பதற்கென்றே கட்டியவை மாதிரி இருக்கும். புறநானூறு 206-இல், பரிசு தராமல் நாள் கடத்தும் அஞ்சி மேல் கோபம் வந்து, ஔவையார் அரண்மனைக் காவலனிடம் "வாயிலோயே! வாயிலோயே!" என்று தொடங்குகிறார். உங்கள் தலைவனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா என்று கேட்கிறார். மூட்டையைக் கட்டிவிட்டேன் என்கிறார். "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று முடிக்கிறார்.

இதற்கு இரண்டு பிள்ளைகள் போதும். ஒருவர் வாயிற்காவலர், பேசவே கூடாது. இன்னொருவர் ஔவையார். கடைசி வரியை மூன்று விதமாகச் சொல்லச் சொல்லுங்கள்: கோபமாக, அழுகையாக, பெருமையாக. எது பொருந்துகிறது என்று மற்றவர்கள் சொல்லட்டும். காரணம் சொல்லும்போது பாட்டிலிருந்து ஒரு சொல்லையாவது எடுத்துக்காட்ட வேண்டும் என்பது மட்டும் விதி. பின்னால் அவர்கள் எழுதப்போகும் நயம் பாராட்டலுக்கு இதுவே பயிற்சி.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கடக்க முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. உருது பேசும் வீடுகளும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, 2006–07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிய கட்டாயத் தமிழ், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2015–16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பேச்சுத் தமிழே இரண்டாவது மொழியாக இருக்கும் பிள்ளைக்குச் சங்கத் தமிழ் மூன்றாவது மொழி மாதிரி.

ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு பலம் இருக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழில் மறைந்துபோன சில பழஞ்சொற்கள் அவர்கள் வீட்டில் உயிரோடு இருக்கின்றன. காவற்பெண்டு பாடிய புறநானூறு 86 "சிற்றில் நற்றூண் பற்றி" என்று தொடங்குகிறது. சிற்றில் என்றால் சிறிய வீடு. தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த "இல்" புதுச் சொல். தெலுங்கு பேசும் பிள்ளை தினமும் இல்லுக்குத்தான் திரும்பிப் போகிறது. அதே பாட்டில் புலி தங்கிப் போன கல்லளை (கற்குகை) வருகிறது. தெலுங்கிலும் புலிதான், கன்னடத்தில் ஹுலி. பால் ஹாலு, பத்து ஹத்து, பள்ளி ஹள்ளி என்று வரிசையாகப் பலகையில் எழுதினால், தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். எந்தப் பிள்ளை பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததோ, அது அன்றைக்கு வகுப்புக்கே சொற்பொருள் சொல்லும்.

எழுத வைப்பது

கவிதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் நிலா, அம்மா என்று தொடங்குவார்கள். விடுகதையில் தொடங்கினால் இந்தச் சிக்கல் வராது. தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசி என்று விடுகதையையும், முதுசொல் என்று பழமொழியையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரு பொருளை அதன் பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பணி. பட்டுப்புழுத் தட்டு, புளியம்பழ ஓடு, தக்காளிக் கூடை என்று வீட்டில் இருப்பதை எடுக்கட்டும். விடை சொல்ல முடிகிறதா என்று வகுப்பே சோதிக்கும். உருவகம் என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

மார்க் குறையுமா?

1. மனப்பாடப் பகுதியில் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் அடி மாறுவதாலும் சொல் விடுபடுவதாலும்தான். தாளத்தோடு படித்த பிள்ளைக்கு ஒரு சீர் விட்டுப்போனால் கை தட்டும்போதே இடறும். மோனையும் எதுகையும் அடுத்த அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கும்: "எவ்வழி" வந்தால் "அவ்வழி" வந்தாக வேண்டும்.

2. அலகிடும் வினாவில் விதி தெரிந்தும் தப்பாவது, எங்கே பிரிப்பது என்ற தயக்கத்தால். ஐம்பது ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு அது பழகிவிடும்.

3. நேரம்தான் உண்மையான கட்டுப்பாடு. எல்லாப் பாடலுக்கும் இப்படிச் செய்ய முடியாது. பருவத்துக்கு இரண்டு பாடலுக்கு முழுதாகச் செய்தால் போதும். மற்றவற்றுக்கு முதல் பத்து நிமிடத்தைக் காதுக்குக் கொடுத்துவிட்டு வழக்கமான பாடத்துக்குப் போகலாம்.

4. செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. நடிப்பு, தாளம் எல்லாம் முடிந்த பிறகு பாட்டுக்குத் திரும்பி வராமல் வகுப்பை முடித்துவிடுவது. அப்படிச் செய்தால் பிள்ளைகளுக்கு நெல்லிக்காய் ஞாபகம் இருக்கும், பாட்டு இருக்காது.

ஊரில் நிற்கும் நடுகல்

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வகுப்பறை இருக்கிறது. போரிலோ, ஆநிரை மீட்கும் சண்டையிலோ, புலியோடு மோதியோ இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள் இங்கே ஏராளம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் அவை இன்னும் வயல் ஓரத்தில், வேடியப்பன் என்ற பெயரில் பூஜை பெற்றுக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றியிருப்பார்கள். கல்லில் வில்லும் வாளுமாக நிற்பவர் யார் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடியது புறநானூறு 232. காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்று தொடங்குகிறது. அதன் பிறகு:

நடுகல் பீலி சூட்டி நார்அரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ

நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் நாரால் வடித்த கள்ளை ஊற்றுகிறார்கள். மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது பாட்டிமார் பாடிய ஒப்பாரியைக் கேட்ட பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் குரல் தெரியும். இறந்தவர் முன்னால் சோற்றையும் துணியையும் வைத்து, "இதையா வாங்கிக்கப் போற" என்று அழுவதும் இதுவும் ஒரே அழுகைதான்.

கூட்டிப்போவதாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூஜை நாளாக இருக்க வேண்டாம். எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லில் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்க விடாதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் படிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகள் கல்லைச் சுற்றி உட்கார்ந்ததும், குரல் நன்றாக வரும் ஒருவர் மட்டும் பாட்டை இரண்டு முறை மெதுவாகச் சொல்லட்டும். உரை வேண்டாம், குறிப்பேடும் வேண்டாம். கல்லின் அடியில் யாரோ காலையில் வைத்துவிட்டுப் போன பூவும் உடைத்த தேங்காய் மூடியும் அங்கேயே இருக்கும்.